ஆம்ப் மாத்துனேன், ஒரு வித்தியாசமும் தெரியலையேண்ணே!

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் பாத்தா பாதிக்கு மேல ஒரே பொலம்பல்தான். காசப் போட்டு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஸ்பீக்கர்னு புதுசா ஒண்ண வாங்கி மாட்டுனேன், பழசுக்கும் புதுசுக்கும் காதுல ஒண்ணும் பிடிபடலங்கிறது. அதனால டிவி, இன்வெர்ட்டர் பேட்டரி கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

அண்ணே வணக்கம். பத்து வருசமா வீட்ல 4440 ஐசி போர்டு போட்டு லோக்கல்ல அசெம்பிள் பண்ணுன ஆம்ப்தான். ஸ்பீக்கர் மட்டும் நல்ல கம்பெனி, சித்தப்பா துபாய்லேர்ந்து கொண்டாந்து குடுத்தது. போன மாசம் சீட்டு எடுத்து 45,000 ரூவாய்க்கு பெரிய கம்பெனி ஸ்டீரியோ ஆம்ப் வாங்குனேன். சத்தியமா எனக்கு வித்தியாசம் தெரியல. எம் மச்சான் வந்து கேட்டுட்டு, "மாப்ள, பாடுறவரு எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்துட்டாருடா"ங்கிறான். எனக்குக் காது டொக்கா, இல்ல கடைக்காரரு என் தலையில மொளகா அரைச்சுட்டாரா?
– வில்லாபுரத்துலேர்ந்து ஒரு வாசகர்

ரெண்டும் இல்ல தம்பி. காதும் நல்லாருக்கு, ஆம்பும் நல்லாருக்கு.

4440 ஐசியவே எடுத்துக்கங்க. நம்மூர்ல ஆட்டோ, டீக்கடை, சலூன்னு எல்லா எடத்துலயும் பாடுன ஐசி அது. சான்யோ கம்பெனி போட்டது. ஸ்டீரியோவா ஓட்டுனா சேனலுக்கு 6 வாட்டு, ரெண்டு சேனலையும் ஒண்ணா சேத்து பிரிட்ஜ்ல கட்டுனா 19 வாட்டு, அம்புட்டுத்தான். பெட்டி மேல 1000 வாட்டு பிஎம்பிஓ (உச்ச பவராம்)ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாய்ங்க, அதப் பாக்காதீங்க, அந்த பிஎம்பிஓவுக்கு ஒரு ஒழுங்கான கணக்கே கெடையாது, வாய்க்கு வந்த நம்பர அடிச்சு விடுறதுதான். உங்க புது ஆம்ப் நெசமாவே 50, 60 வாட்டு குடுக்கும். பத்து மடங்கு. அப்பறம் ஏன் தெரியலன்னா, நீங்க அந்தப் பழைய 6 வாட்டையே இன்னும் தொட்டுப் பாக்கல, அதான் காரணம்.

வீட்டு ஸ்பீக்கரோட விவரச் சீட்டுல 87, 88 டெசிபல்னு (சத்தத்த அளக்குற அலகு) ஒரு நம்பர் இருக்கும். 1 வாட்டு குடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தா அம்புட்டு சத்தம் வரும்னு அர்த்தம். ரெண்டு ஸ்பீக்கரும் ஆளுக்கு 1 வாட்டுல பாடுனா சோபாவுல இருக்க உங்களுக்கு 80 டெசிபலுக்கு மேலயே வரும், அது பக்கத்துல இருக்க ஆள்கிட்ட கத்திப் பேச வேண்டிய சத்தம். ராத்திரி சாப்பிட்டுட்டு சாஞ்சு உக்காந்து கேக்குறீங்களே, அதுக்குக் கால் வாட்டே சாஸ்தி. கால் வாட்டுல ரெண்டு ஆம்பும் திணறாது, ரெண்டுலயும் வர்ற டிஸ்டார்ஷன், அதான் சத்தத்தோட உருவம் கெடுறது, ஸ்பீக்கரே கூட்டுற டிஸ்டார்ஷனுக்குக் கீழ அமுங்கிப் போயிரும். தெரியலன்னு நீங்க சொன்னதுதான் சரி.

தெரியணும்னா வீட்ல யாரும் இல்லாதப்ப சத்தத்த ஏத்துங்க. நாதஸ்வரக் கச்சேரி ஒண்ணு போடுங்க. பாட்டு சராசரியா ஓடுற அளவுக்கும் தவில்ல ஒரு அடி சுள்ளுன்னு விழுற அளவுக்கும் நடுவுல 10, 15 டெசிபல் துள்ளல் இருக்கும். 10 டெசிபல்னா பத்து மடங்கு வாட்டு, 15ன்னா முப்பது மடங்கு. சராசரி 1 வாட்டுல ஓட்டுனா அந்த ஒரு அடிக்கு மட்டும் 30 வாட்டு வேணும், 4440 அங்கன என்ன பண்ணும், அலையோட உச்சியக் கத்தரிச்சுப்புட்டு தவில தகர டப்பா மாதிரி ஆக்கிரும். புது ஆம்ப் அசராது. உங்க 45,000 அங்கதான் இருக்கு, நீங்க அந்தப் பக்கம் போகல.

மச்சான் பொய் சொன்னாருன்னும் நான் சொல்ல மாட்டேன். அவருக்கு நெசமாவே வித்தியாசமா கேட்டுருக்கும், ஆனா அது ஆம்போட வித்தியாசமா இருக்காது, சத்தத்தோட வித்தியாசமா இருக்கும். ரெண்டு ஆம்ப்லயும் வால்யூம் நாப்ப ஒரே எடத்துல வச்சேன்னு சொல்லுவீங்க, நாப்பு எடத்துக்கு ஒரு மதிப்பும் இல்ல, ஒவ்வொரு ஆம்புக்கும் கெயின், அதாவது சிக்னல எத்தன மடங்கு பெருக்குதுங்கிறது, வேற வேற. அரை டெசிபல் கூடுனா சத்தம் கூடியிருக்குன்னு யாருக்கும் தெரியாது, "தெளிவா இருக்கே, வார்த்தையெல்லாம் நல்லா புரியுதே"ன்னுதான் தோணும். ஒரே சால்னாவ ரெண்டு சட்டியில ஊத்தி ஒண்ணுல மட்டும் உப்பு ஒரு சிட்டிகை கூடப் போட்டுட்டு, எந்தச் சட்டி மாஸ்டர் கெட்டிக்காரருன்னு கேக்குற கதைதான்.

இதுக்குப் பின்னாடி பழைய ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. 1933-லயே அமெரிக்காவுல பெல் ஆய்வுக்கூடத்துல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு அளந்து காட்டிட்டாங்க, சத்தம் கொறையக் கொறைய நம்ம காதுக்கு பேஸ் சட்டுன்னு கொறஞ்சு போயிரும், அதே சத்தம் ஏறுனா பேஸ் நெறஞ்சு வரும். அதனால கொஞ்சம் சத்தமா ஓடுற ஆம்ப் பேஸ் நல்லா இருக்க ஆம்ப்பா தெரியும். பேஸ் டிரெபிள் போர்டுல யாரும் கை வைக்கலன்னாலும்.

1985-ல நடந்த ஒரு கூத்தையும் சொல்லணும். பாப் கார்வர்னு அமெரிக்க இன்ஜினியரு, டிரான்சிஸ்டர் ஆம்ப் போடுறவரு, ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரங்ககிட்ட சவால் விட்டாரு. நீங்க கொண்டாடுற வெல கூடுன வால்வ் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதிலா கண்ணாடி வால்வ் வச்சது) எதயாவது குடுங்க, என்னோட ஆம்ப அதே மாதிரி பாட வச்சுக் காட்டுறேன்னாரு. ரெண்டு ஆம்ப்லேர்ந்து வர்ற சிக்னலையும் ஒண்ணுக்கொண்ணு எதிரா வச்சுக் கழிச்சுப் பாத்து, மிச்சம் நிக்கிறது இல்லாமப் போற வரைக்கும் தன் ஆம்ப உள்ளுக்குள்ள திருத்திக்கிட்டே வந்தாரு. கடைசியில அந்தப் பத்திரிகைக்காரங்களாலயே எது எதுன்னு சொல்ல முடியல. ஆனா இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, திருத்துறதுக்கு முன்னாடி ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்துச்சு. வால்வ் ஆம்ப்ல அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்குக் காட்டுற தடை, கூட இருக்கும், அதனால ஸ்பீக்கரோட இம்பீடன்ஸ் ஏறி எறங்குற எடமெல்லாம் சத்தமும் சேந்து ஏறி எறங்கும், அது காதுல கேக்குற சமாச்சாரம்தான். ஆகக்கூடி எல்லா ஆம்பும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. நல்லாப் போட்ட ரெண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப், அதோட தெம்புக்கு உள்ள ஓட்டி, சத்தத்தையும் சமமா வச்சா, பிரிச்சுச் சொல்றது ரொம்பக் கஷ்டம்.

ஒண்ணு மட்டும் பாருங்க. பாட்ட நிறுத்திட்டு, நாப்ப முழுசா கொறச்சு வச்சு, ஸ்பீக்கரோட பெரிய கூம்புக்கிட்ட காத வையுங்க. பழைய செட்டுல "ம்ம்ம்"னு டிரான்ஸ்பார்மர் ஹம் இருக்கும், புதுசுல இருக்காது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல இந்த வித்தியாசம் மட்டும் நல்லாவே கேக்கும்.

டவுன்ஹால் ரோட்டுல ஒரு கடையில ரெண்டு ஜோடி ஸ்பீக்கர் போட்டுக் காட்டுனாங்க, வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு, வெல கூடுனதயே வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்து போட்டா கடையில கேட்ட சத்தமே இல்ல. பொருள மாத்திக் குடுத்துட்டாங்களோன்னு சந்தேகமா இருக்குங்க.
– திருப்பரங்குன்றத்துலேர்ந்து ஒரு வாசகி

பொருள மாத்தலம்மா, ரூமு மாறிருச்சு.

நம்ம வீட்டு ஹாலு எப்படி இருக்கும்? கான்கிரீட் மேற்கூரை, சிமெண்டு பூச்சு செவரு, டைல்ஸ் தரை, ஒரு பக்கம் கண்ணாடி ஷோகேஸு. சத்தத்தக் குடிக்கிறதுக்கு அங்க ஒரு பொருளும் கெடையாது. பத்துக்குப் பன்னெண்டு ரூமு, ஒசரமும் பத்தடின்னு வச்சுக்குவோம். பத்தடிச் செவருக்கு நடுவுல சுமாரு 57 ஹெர்ட்ஸ்ல சத்தம் போயிட்டுத் திரும்பி வந்து அங்கனயே நின்னுக்கும், தரைக்கும் கூரைக்கும் நடுவுலயும் அதே பத்தடிங்கிறதால அதே 57 இன்னொரு தடவையும் ஏறிக்கும். செவத்த ஒட்டி சோபா போட்டிருந்தா அந்த ஒரு நோட்டு "தும்ம்"னு மொழங்கும். ரூமுக்கு நட்டநடுவுல சேரப் போட்டு உக்காந்தா அதே நோட்டு காணாமப் போயிரும். ரெண்டு எடத்துக்கும் 10, 15 டெசிபல் வித்தியாசம் வர்றதெல்லாம் சர்வ சாதாரணம்.

மேல டிரெபிள் பக்கம் கதையே வேற. 10,000 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலை மூணரை சென்டிமீட்டர்தான். ஸ்பீக்கர்லேர்ந்து நேரா வர்றதும் செவத்துல பட்டு வர்றதும் காதுல சேர்ற எடத்துல, தலைய லேசா இந்தப் பக்கம் சாச்சாலே கூட்டல் கழித்தலா மாறிரும். கால் டெசிபல் வித்தியாசம் தேடுறவங்க எந்திரிச்சுப் போய் ஒயரு மாத்திட்டு வந்து உக்காரும்போது தலை பழைய எடத்துலயா இருக்கும்?

அடுத்தது ஞாபகம். ஒரு சத்தத்தோட நுணுக்கம் மூளையில சில செகண்டுதான் நிக்கும். பாட்டு ஞாபகம் இருக்கும், பாடுனவரு ஞாபகம் இருப்பாரு, ஆனா அந்த ஜால்ரா எம்புட்டு கூர்மையா கேட்டுச்சுங்கிறது போயிரும். நீங்க கடையில கேட்டுட்டு, பில்லு போட்டு, ஆட்டோ பிடிச்சு, பெரியார் பஸ் ஸ்டாண்டு நெரிசல்ல மாட்டி வீட்டுக்கு வந்து சேந்து, மறுநாளு மாட்டிக் கேட்டிருக்கீங்க. ஒப்பிடுறதுக்கு உங்ககிட்ட மிச்சம் இருந்தது "நல்லாருந்துச்சு"ங்கிற ஒரு நெனப்பு மட்டும்தான்.

அதோட கண்ணும் காச வாங்கிட்டு வேலை பாக்கும். ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ஸ்பீக்கர் ஆராய்ச்சியில பெரிய கைங்க, 1994-ல ஒரு சோதனை நடத்துனாங்க. ஸ்பீக்கரப் பாத்துக்கிட்டே கேட்டு மார்க் போடச் சொன்னப்ப பெருசா, அழகா இருந்த பெட்டிக்கு மார்க் ஏறுச்சு, சின்ன பிளாஸ்டிக் செட்டுக்கு எறங்குச்சு. அதையே திரை போட்டு மறைச்சதும் அந்த எடைவெளி சுருங்கிப் போச்சு. மார்க் போட்டவங்க தெருவுல போன ஆளுங்க இல்ல, ஸ்பீக்கர் தயாரிக்கிற கம்பெனியில வேலை பாத்தவங்க.

ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வித்தியாசம் நெசமாவே உண்டு, திரை போட்டாலும் தெரியும், இந்த மொத்தச் சங்கிலியிலயே காதால ஈசியா பிடிக்கக்கூடிய பாகம் அதுதான். அதனால நீங்க செஞ்சது வீண் செலவு இல்ல. இப்ப என்ன செய்யணும்னா ஸ்பீக்கர மூலையிலேர்ந்து ரெண்டடி முன்னாடி இழுங்க, ட்வீட்டர், அதான் டிரெபிள் பாடுற சின்னக் கூம்பு, உக்காந்திருக்க காது ஒசரத்துக்கு வரட்டும், தரையில ஒரு தடிமனான ஜமுக்காளத்த விரிங்க, ஜன்னலுக்குக் கெட்டித் துணியில ஸ்கிரீன் போடுங்க, வீட்ல எலவம்பஞ்சு மெத்தை சும்மா கெடந்தா பின்னாடி செவத்துல சாத்தி வச்சுக் கேளுங்க. அழகா இருக்காதுதான், ஆனா கேட்டுப்பாத்துட்டு எடுத்து வச்சாக்கூட ரூமு என்ன பண்ணுதுன்னு வெளங்கிரும். அப்பறம் பீரோ. பேஸ் வர்ற பாட்டப் போட்டுட்டு பீரோ கதவுல கைய வச்சுப் பாருங்க, அது தனியா ஒரு கச்சேரி நடத்திக்கிட்டு இருக்கும். அந்தக் கதவுக்கு எடையில ஒரு அட்டைய மடிச்சுச் சொருகுனா போதும்.

ஸ்பீக்கர் கேபிள் மீட்டரு 3,000 ரூவாங்கிறாங்க. போட்டா சவுண்டு தொறக்கும்னு சொல்றாங்க. போடலாமா?
– உசிலம்பட்டி வாசகர்

வேணாம். கரண்டு வேலைக்கு வாங்குற 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரு போதும். அஞ்சு மீட்டர் தூரத்துக்குப் போக வர சேத்து பத்து மீட்டர் ஒயரு, அதோட மொத்த ரெசிஸ்டன்ஸ் 0.07 ஓம் சொச்சம் வரும், 8 ஓம் ஸ்பீக்கர்ல நட்டம் 0.1 டெசிபல்கூட இல்ல. எந்தக் காதுக்கும் எட்டாது. அதே, நூலாட்டம் 0.5 ஸ்கொயர் எம்எம் ஒயர எடுத்து, மாடியில ஸ்பீக்கர் கீழ ஆம்ப்னு இருபது மீட்டர் இழுத்தா ஒன்னரை டெசிபல் பக்கத்துல போயிரும், அது தெரியும். அப்ப செய்ய வேண்டியது கனமான ஒயரு போடுறது, வெல கூடுன ஒயரு இல்ல.

ஒயரு மாத்துனதும் சவுண்டு தொறந்துச்சுன்னு சொல்றவங்க சில பேருக்கு நெசமாவே தொறந்துருக்கும். பழைய ஒயரு முனை பச்சையா களிம்பு பிடிச்சுருக்கும், டெர்மினல் ஸ்குரூ லூசா இருக்கும், புதுசு மாட்டுறப்ப சுரண்டி சுத்தமா முடுக்கியிருப்பாங்க. இல்லாட்டி பழசுல ஒரு பக்கம் செவப்பும் கருப்பும் மாறிக் கெடந்திருக்கும். ஒரு ஸ்பீக்கர் கூம்பு வெளிய தள்ளுறப்ப இன்னொண்ணு உள்ள இழுத்தா பேஸ் ஒண்ணுக்கொண்ணு வெட்டிக்கும், பாடுறவரு கொரலு நடுவுல நிக்காம ரூமு பூராம் அலையும். ரிப்பேருக்கு எம் பெஞ்சுக்கு வர்ற "பேஸே இல்லண்ணே" செட்டுல இந்தக் கேஸு அடிக்கடி பாக்குறது. பைசா செலவில்லாம வீட்லயே பாத்துக்கலாம், ரெண்டு ஸ்பீக்கரையும் ஒட்டி ஒட்டி வச்சு பேஸ் உள்ள பாட்டு ஒண்ணு போடுங்க, ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் ஒயர மாத்திச் சொருகுங்க, எப்படி வச்சா பேஸ் கூட வருதோ அது சரி.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 66. பேரன் இரண்டு ஹெட்போன்களைக் கொடுத்து, "தாத்தா, இதுல ஹை சூப்பரா இருக்கு பாருங்க" என்கிறான். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன. வயதுதான் காரணமா?
– சிம்மக்கல் வாசகர்

ஐயா, வயசும் ஒரு காரணம்தான். மனுசக் காதுக்கு 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்னு பாடப்புத்தகத்துல போட்டிருக்கது வாலிப வயசுக் கணக்கு. மேல்முனை வருசா வருசம் தேஞ்சுக்கிட்டே வரும், அறுபது தாண்டுனவங்கள்ல நெறையப் பேருக்கு 10,000, 12,000க்கு மேல இல்லாமலே போயிரும். பேரன் சொல்ற அந்த "ஹை" அங்கதான் இருக்கு.

ஆனா நீங்க இழந்தது நீங்க நெனைக்கிற அளவு இல்லீங்கய்யா. பழைய லேண்ட்லைன் போன் 300லேர்ந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அனுப்புச்சு, அதுலயே யாரு பேசுறாங்க, கோவமா இருக்காங்களா சிரிக்கிறாங்களான்னு எல்லாம் தெரிஞ்சுச்சு. பாட்டோட உசுரும் பெரும்பாலும் அந்த வட்டாரத்துலதான். சுருதி சேரலன்னா பேரனுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியும், பந்தயம் கட்டலாம்.

ஒருவேள பேச்சே தெளிவா கேக்கல, டிவி சத்தத்த ஏத்திக்கிட்டே போறீங்க, இல்ல காதுல ரீங்காரம் நிக்கவே மாட்டேங்குதுன்னா அது ஹெட்போன் விவகாரம் இல்ல, காது டாக்டரப் பாருங்க. ஆடியோகிராம்னு ஒரு சோதனை, வழக்கமா 250லேர்ந்து 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பாப்பாங்க, கொஞ்ச நேரத்துல முடிஞ்சுரும். சில பேருக்கு காதுல அழுக்கு கட்டியிருக்கும், அத எடுத்தாலே பாதி சரியாப் போயிரும். பட்ஸ் போட்டு நீங்களா நோண்டாதீங்க.

24 பிட் 192ன்னு சிடியவிட நுணுக்கமா பதிஞ்ச ஹை-ரெஸ் பாட்டெல்லாம் டவுன்லோட் பண்ணி வச்சிருக்கேன் ப்ரோ, அதுக்குன்னே டாக் (டிஜிட்டல் ஃபைல ஆம்புக்குப் போற சிக்னலா மாத்துற பெட்டி) வாங்கலாம்னு இருக்கேன். ரூம்மேட் "யூடியூப்லயே கேளு, எல்லாம் ஒண்ணுதான்"னு லந்து பண்றான். யாரு சரி?
– மேலூர் வாசகர்

ரெண்டு பேருமே இல்ல. யூடியூப்ல யாரோ ஏத்துன பழைய கேசட் காப்பிக்கும் ஒழுங்கான ஃபைலுக்கும் வித்தியாசம் கண்டிப்பா கேக்கும். ஆனா ஒழுங்கான சிடி அளவு ஃபைலுக்கும் அதுக்கு மேல உள்ள ஹை-ரெஸுக்கும் போட்டி வச்சா கதை மாறும். 2007-ல மேயர், மோரன்னு ரெண்டு பேரு ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழ்ல ஒரு சோதனைய வெளியிட்டாங்க. ஹை-ரெஸ் பிளேயர்லேர்ந்து வர்ற சத்தத்த ஒரு தடவ நேராவும், ஒரு தடவ நடுவுல சிடி அளவுக்கு, அதாவது 16 பிட் 44.1க்கு, எறக்கியும் மாத்தி மாத்திப் போட்டு எது எதுன்னு கேட்டாங்க. 554 தடவையில 276 தடவ சரியா சொன்னாங்க. 49.8 சதவீதம். காசச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதான் வந்துருக்கும். அப்பறம் 2016-ல லண்டன்ல ஜோஷுவா ரைஸ்னு ஒருத்தர் இந்த மாதிரி சோதனைகள் 18-ஐ ஒண்ணா சேத்துக் கணக்குப் போட்டாரு, 52.3 சதவீதம் வந்துச்சு. சும்மா குருட்டாம்போக்கு இல்ல, ஏதோ துளியூண்டு இருக்குன்னு அர்த்தம், ஆனா அந்தத் துளிக்கு நீங்க எம்புட்டு செலவழிக்கப் போறீங்கங்கிறது உங்க பர்ஸு விவகாரம்.

உங்க ரூம்ல ஃபேன் ஓடுதுல்ல? ஃபேன் சத்தமே 45 டெசிபல் பக்கம் இருக்கும். சிடியோட டைனமிக் ரேஞ்சே, அதாவது ஆகக் கொறஞ்ச சத்தத்துக்கும் ஆகக் கூடுன சத்தத்துக்கும் நடுவுல உள்ள எடைவெளியே, 96 டெசிபல். அந்த 96-ஐ முழுசா அனுபவிக்கணும்னா ஃபேன் சத்தத்துக்கு மேல 96 ஏத்தணும், 141 டெசிபல், காது வலிச்சு கெட்டே போயிரும். மே மாசத்துல மேலூர்ல ஃபேன நிறுத்திட்டு ஹை-ரெஸ் கேக்குற ஆளு நீங்கன்னா உங்களுக்கு என் கும்புடு.

சில பாட்டுல ஹை-ரெஸ் நெசமாவே நல்லா இருக்கேன்னு தோணுனா, அது பிட்டு கணக்குனால இல்ல, அதுக்காக மாஸ்டரிங்க, அதாவது வெளியிடுறதுக்கு முன்னாடி சவுண்ட சரிபண்ற கடைசி வேலைய, மறுபடியும் கவனமா பண்ணியிருப்பாங்க. அதே ஃபைல நீங்களே 16/44.1க்கு மாத்தி ஒப்பிட்டுப் பாருங்க, வெளங்கிரும். ஆப்ல பாட்டுக்குப் பாட்டு சத்தத்த சமம் பண்ற நார்மலைசேஷன் ஒண்ணுல ஆன், இன்னொண்ணுல ஆஃப்னு இருந்தாலும் ஒப்பீடு கெட்டுப் போயிரும்.

வால்யூம சமமா வச்சுக் கேளு, கண்ண மறைச்சுக் கேளுன்னு எல்லாரும் சொல்றாங்களே தவிர எப்படின்னு யாரும் சொல்றதில்ல. வீட்ல செய்ற மாதிரி சொல்லுங்கண்ணே.
– திருமங்கலம் வாசகர்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேணும், 300, 400 ரூவா மீட்டரே போதும். போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப்ப போட்டு 100 ஹெர்ட்ஸ் டோன ஓட விடுங்க, மலிவு மீட்டரெல்லாம் 1,000 ஹெர்ட்ஸ்ல ஒளறும், 100ல சரியா காட்டும். மீட்டர ஏசி வோல்ட்ல வச்சு ஸ்பீக்கர் டெர்மினல் ரெண்டுலயும் முள்ள வையுங்க, முள்ளு ஒண்ணோடொண்ணு முட்டிராமப் பாத்துக்கங்க, முட்டுனா ஆம்ப் போயிரும். முதல் ஆம்ப்ல 2.00 வோல்ட் காட்டுதுன்னா ரெண்டாவதுலயும் 2.00 வரணும், 2.02 வரைக்கும் பரவால்ல, அதுதான் 0.1 டெசிபல் எல்லை. காதால சமம் பண்ணுறேன்னு சொல்லாதீங்க, முடியாது. இந்த டோன ரொம்ப நேரம் ஓட விடாதீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்க.

அப்பறம் ஸ்பீக்கரயே ரெண்டு ஆம்புக்கும் மாத்தி விடுற செலக்டர் சுவிட்ச் ஒண்ணு. ஒரு ஆம்ப் முழுசா விட்டப்பறம்தான் அடுத்தது சேருற மாதிரி சுவிட்ச்சா பாத்து வாங்குங்க, ரெண்டு ஆம்ப் அவுட்புட்டும் ஒரு செகண்டு சேந்தாலும் பொகைதான். ரெண்டுக்கும் ஒரே எடத்துலேர்ந்து பாட்டு போகணும், ஒண்ணுக்கு சிடி பிளேயர், ஒண்ணுக்கு போன்னு வைக்கக் கூடாது, சிடி பிளேயர் 2 வோல்ட் குடுக்கும், போன் அம்புட்டு குடுக்காது.

சுவிட்ச்ச வேற ஒருத்தர் போடணும், நீங்க அந்தப் பக்கம் பாக்கக் கூடாது, போடுறவரு மூஞ்சியவும் பாக்கக் கூடாது. எதப் போடணும்னு அவரே முடிவு பண்ணாம காசச் சுண்டிப் போட்டு எழுதி வச்சுக்கட்டும், இல்லாட்டி மனுசப்புத்தி ஒண்ணு விட்டு ஒண்ணுன்னு போகும், நீங்களும் கண்டுபிடிச்சுருவீங்க. பத்து தடவ செய்யுங்க. பத்துல ஏழு சரியா சொல்லிட்டேன்னு காலரத் தூக்கிவிட்டுக்காதீங்க, கண்ண மூடிக்கிட்டு ஒளறுனாலும் ஆறு தடவைக்கு ஒரு தடவ ஏழோ அதுக்கு மேலயோ அமைஞ்சுரும். ஒம்பது சரின்னா கணக்கு வேற, அது குருட்டாம்போக்குல வர்றதுக்கு நூத்துல ஒரு பங்குதான் வாய்ப்பு, அப்ப நெசமாவே ஏதோ கேக்குதுன்னு எடுத்துக்கலாம்.

ரொம்ப நீளமான பாட்டு போடாதீங்க. பத்து, பதினஞ்சு செகண்டு துண்டு ஒண்ண எடுத்து திருப்பித் திருப்பிப் போடுங்க. உங்களுக்கு நல்லாப் பழக்கமான ஆளோட கொரலு இருந்தா நல்லது, கொரல்ல இருக்க மாற்றத்த காது வெரசா பிடிக்கும். மூணு, நாலு தடவைக்கு மேல ஒரே மூச்சுல கேட்டா காது சோந்து போகும், எந்திரிச்சுப் போய் ஒரு டீயக் குடிச்சுட்டு வாங்க.

நாங்க ரேடியோ செட்டு, லைட்டு போடுற ஆளுங்க. கோயில் கொடையில 5200-1943 டிரான்சிஸ்டர் போர்டு மாத்துனா ஊரே வித்தியாசம் சொல்லுது, வீட்ல மட்டும் ஏன் தெரியலங்கிறாங்க?
– வாடிப்பட்டி சவுண்ட் சர்வீஸ் வாசகர்

நீங்க ஆம்ப கழுத்து வரைக்கும் ஓட்டுறீங்கண்ணே, அவங்க கால் வாட்டுல ஓட்டுறாங்க. முளைப்பாரி அன்னைக்கி நாலு குழாய் ஸ்பீக்கரக் கட்டி காலையிலேர்ந்து ஓட்டுனா பழைய போர்டு சூடேறி உச்சிய வெட்ட ஆரம்பிக்கும், கரகரன்னு வரும், புதுசுல வராது, ஊருக்கே தெரியும். குழாய் 1 வாட்டுக்கே 105 டெசிபலுக்கு மேல கத்துற சாமான், அதனால அந்தக் கரகரப்பையும் அது ரெண்டு கிலோமீட்டருக்குக் கொண்டு போய்ச் சேத்துரும். பொட்டல்ல செவரும் இல்ல, கூரையும் இல்ல, ரூமு செய்ற குளறுபடி ஒண்ணும் அங்க கெடையாது. கரண்டு போயி ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓட்டுறப்ப வர்ற "கொர்ர்"ரும் போர்டு கோளாறு இல்ல, அதுக்குப் போர்ட மாத்தாதீங்க, சைன் வேவ் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ வச்சு ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க.

அண்ணே, மறுபடியும் வில்லாபுரம்தான். நீங்க வாட்ஸ்அப்ல சொன்ன மாதிரி மீட்டர் வச்சு சமம் பண்ணி மச்சான உக்கார வச்சேன். பத்துக்கு அஞ்சு. இப்ப புது ஆம்ப வித்துரவா?

எதுக்கு விக்கிறீங்க? ரிமோட்டு இருக்கு, ஹம் இல்ல, தவில் அடிக்குத் தெம்பு இருக்கு, ஷார்ட் ஆனா ஸ்பீக்கரக் காப்பாத்துற புரொடெக்‌ஷன் இருக்கு, வாரன்டியும் இருக்கு. வச்சுக்கங்க. 4440-ஐ மொட்டை மாடிக்கோ கடைக்கோ வச்சு ஓட்டுங்க, நல்லா ஒழைக்கும். அடுத்த சீட்டு விழுந்தா ஆம்ப் பக்கம் போகாதீங்க, ஸ்பீக்கருக்கு ஸ்டாண்டும் கனமான ஸ்கிரீனும் வாங்குங்க. மச்சான்கிட்ட மார்க்கப் பத்தி ரொம்பப் பேசாதீங்க, பொண்ணு குடுத்த வீடு.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புறவங்க ரூமோட நீள அகலம், ஸ்பீக்கர் எங்க இருக்கு, நீங்க எங்க உக்காருறீங்கன்னு ஒரு கோட்டுப் படம் வரைஞ்சு சேத்து அனுப்புங்க, அது இல்லாம பேஸ் கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியாது.